ஈயத்தில் பிறந்த சொற்கள்

எந்தத் தொழிலைக் கற்கப் போனாலும் முதலில் அத்தொழிலாளரின் பேச்சைக் கற்க வேண்டியிருக்கிறது. தச்சுப் பட்டறைக்கும் இது பொருந்தும், வைத்தியசாலைக்கும் பொருந்தும். கிரபிக் டிசைன் என்று நாம் வழங்கும் வரைகலை வடிவமைப்புக்கும் பொருந்தும். ஆனால் இந்தக் கடைசித் துறையில் ஒரு வேடிக்கை உண்டு. வேலை நடப்பது கணனித் திரையில். பேசும் சொற்களோ ஈயமும் மரப்பெட்டியும் மையும் இருந்த பழைய அச்சுக்கூடத்தில் பிறந்தவை. ஈயத்தைக் கையால் தொட்டறியாத ஒரு தலைமுறை, ஈயத்தில் பிறந்த சொற்களை நாள்தோறும் பேசிக்கொண்டிருக்கிறது.

இலங்கையில் இத்துறைக்கு வருபவருக்கு இன்னொரு சுமையும் உண்டு. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. பெயர்ப்பலகை, அறிவித்தல், படிவம் என்று பலவற்றை மூன்று மொழிகளில் வடிவமைக்க வேண்டியிருக்கிறது. படிக்கும் நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். அச்சகத்தில் நடக்கும் பேச்சு சிங்களத்திலும் தமிழிலும். மேற்படிப்புக்கென ஜேர்மனிக்கோ பிரான்சுக்கோ போனவர் அங்குள்ள சொற்களையும் கற்றாக வேண்டும். இத்தனை மொழிகளுக்கு நடுவே ஒரு துறையின் சொற்களை எவ்வாறு கற்பது என்பதுதான், நேயர்களே, இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

அகராதியை விரித்துவைத்துச் சொல்லுக்குச் சொல் நேர் எழுதிக் கற்கலாம் என்று எண்ணுவோர் உளர். அப்படிக் கற்றவர் எங்கே இடறுவார் என்பதை ஒரு சொல்லைக் கொண்டே காட்டிவிடலாம்.

வரிக்கும் வரிக்கும் இடைப்பட்ட வெளியை ஆங்கிலத்தில் 'லெடிங்' என்பர். எழுத்துக் கூட்டிப் பார்த்தால் 'லீடிங்' என்று வாசிக்கத் தோன்றும். அகராதியும் 'தலைமை தாங்குதல்', 'முன்னணி' என்றே பொருள் சொல்லும். உண்மையில் அது 'லெட்', அதாவது ஈயம். கோத்த எழுத்து வரிகள் ஒன்றோடொன்று முட்டாதிருக்க, இடையே மெல்லிய ஈயத் தகடுகளைச் செருகுவார்கள். அந்தத் தகடு தந்த பெயர்தான் லெடிங். பிரெஞ்சுக்காரர் அதனை வரியிடை என்ற பொருளில் 'அந்தர்லீன்' என்றனர். அம்மொழியிலே இச்சொல் வெற்று வெளியைக் குறிக்கும்போது ஆண்பால். அந்த வெளியை உண்டாக்கும் உலோகத் தகட்டைக் குறிக்கும்போது பெண்பால். பட்டறைக்காரரின் பேச்சு இலக்கணத்துக்குள்ளும் புகுந்து இடம்பிடித்துக்கொண்டதற்கு இது நல்ல சான்று.

ஜேர்மனியர் இதற்கு 'டூர்ஷுஸ்' என்பர். அகராதியைப் பார்த்தால் 'லெடிங்' என்பதற்கு நேராக அச்சொல் இருக்கும். மாணவர் குறித்துவைத்துக்கொண்டு நிம்மதியாக உறங்கலாம். ஆனால் வேலைத்தலத்தில் விபரீதம் காத்திருக்கிறது. இன்றைய கணனி மென்பொருள்களில் லெடிங் என்பது ஒரு வரியின் அடிக்கோட்டிலிருந்து அடுத்த வரியின் அடிக்கோடு வரையுள்ள முழுத் தூரம். டூர்ஷுஸ் என்பதோ பழைய பொருளில், இடையிலே செருகிய தகட்டின் கனம் மாத்திரமே. 10 புள்ளி எழுத்து 12 புள்ளித் தூரத்தில் அமைந்திருந்தால், ஆங்கிலக் கணனிக்கு லெடிங் 12. ஜேர்மனிய அச்சாளருக்கு டூர்ஷுஸ் 2. இவரது 12ஐ அவர் தமது கணக்கில் எடுத்துக்கொண்டால் வரிகள் முற்றத்தில் காயப்போட்ட வேட்டிகளைப் போல எட்ட எட்ட நிற்கும். அகராதி பொய் சொல்லவில்லை. எங்கேயிருந்து எங்கே வரை அளப்பது என்பதை மட்டும் அது சொல்லவில்லை.

தமிழில் நாம் 'வரியிடைவெளி' என்கிறோம். நல்ல சொல்தான். ஆயினும் அதே கேள்வி இங்கும் எழுகிறது: எங்கிருந்து எங்கே? இலத்தீன் எழுத்தைக் காட்டிலும் நம் எழுத்துக்கு இக்கேள்வி முக்கியமானது. மேலே புள்ளியும் விசிறியும் ஏறுகின்றன. கீழே 'நூ', 'ஞூ' போன்றவை வால்விட்டு இறங்குகின்றன. ஆங்கிலத்துக்கு அளந்த இடைவெளியை அப்படியே தமிழுக்குக் கொடுத்தால், மேல்வரியின் வால் கீழ்வரியின் புள்ளியைத் தொட்டு மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடக்கூடும். மும்மொழி அறிவித்தல்கள் சிலவற்றில் தமிழ் வரிகள் மாத்திரம் நசுங்கிக் கிடப்பதற்கு இந்த அளவுக் கலக்கமே பெரும்பாலும் காரணம் என்பேன்.

'புள்ளி' என்று சொன்னோமே, அதுவும் ஒரே அளவன்று. பிரான்சில் டிடோ குடும்பத்தார் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வகுத்த புள்ளி ஏறத்தாழ 0.376 மில்லிமீற்றர். 1886இல் அமெரிக்க வார்ப்பகத்தார் ஏற்றுக்கொண்ட புள்ளி 0.351. கணனியின் புள்ளி ஓர் அங்குலத்தின் 72இல் ஒரு பங்கு. பெயர் ஒன்று, அளவு மூன்று. போதாக்குறைக்குத் தமிழிலே புள்ளி என்பது மெய்யெழுத்தின் தலையில் நிற்பதற்கும் பெயர்.

எழுத்தை உடம்பாகக் காண்பது எல்லா நாட்டாருக்கும் பொதுவான வழக்கம் போலும். ஆங்கில அச்சாளர் ஈய எழுத்துக்கு முகம், தோள், பாதம் என்றெல்லாம் உறுப்புகள் வகுத்தனர். எழுத்தின் மைபடாத பகுதியை ஜேர்மனியர் 'ஃபிளைஷ்' என்றனர். அதன் நேர்ப்பொருள் தசை. எழுத்து எலும்பாம், சுற்றியுள்ள வெறுமை தசையாம்! பிரெஞ்சில் காகிதத்திலே பதியும் எழுத்துப் பகுதி முழுவதற்கும் 'கண்' என்று பெயர். ஆங்கிலத்திலும் 'கண்' உண்டு. அது சிறிய 'ஈ' எழுத்தின் வயிற்றிலுள்ள மூடிய வளையத்தை மாத்திரம் குறிக்கும். 'பெரிய கண்ணுடைய எழுத்து' என்று பிரெஞ்சு ஆசிரியர் சொன்னால், எழுத்தின் உருவம் பருத்துத் தெரிகிறது என்று பொருள்கொள்ள வேண்டும். ஆங்கிலம் பயின்றவர் அந்தச் சின்ன வளையத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்.

தமிழருக்கு இந்த உடற்கூற்றுப் பெயர்களை எவரும் மொழிபெயர்த்துத் தர வேண்டியதில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் தந்துவிட்டுப் போயிருக்கிறார். கால், கொம்பு, இரட்டைக் கொம்பு, சங்கிலிக் கொம்பு, சுழி, விலங்கு, கீற்று என்று ஒவ்வொரு வளைவுக்கும் பெயருண்டு. இரண்டு சுழி னகரம், மூன்று சுழி ணகரம் என்று சொல்லாமல் யார் நமக்கு எழுத்தறிவித்தார்? ஆனால் இன்று தமிழ் எழுத்துருவைப் பற்றி எழுதுவோரிற் பலர், ஆங்கில நூலின் 'ஸ்டெம்', 'போல்', 'டெயில்' ஆகியவற்றை எடுத்துத் தண்டு, கிண்ணம், வால் என்று மொழிபெயர்த்து ணகரத்தின் மேல் ஒட்டப் பார்க்கிறார்கள். கையிலிருக்கும் சுழியை விட்டுவிட்டுக் கிண்ணத்தைத் தேடுவானேன்? மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 19ஆம் நூற்றாண்டில் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். மனித உடம்பு முழுவதற்கும் தமிழிலே பெயர் தேடிய அந்த மண்ணில், எழுத்தின் உடம்புக்கு ஏற்கெனவே உள்ள பெயர்களை நாம் மறந்துவிடலாகாது.

இரவல் வாங்க வேண்டிய இடமும் உண்டு. இலத்தீன் எழுத்தில் மேலேயும் கீழேயும் நீளாத சிற்றெழுத்தின் உயரத்தை 'எக்ஸ் உயரம்' என்பர். ஜேர்மன் மொழியில் 'மித்தல்லெங்க', அதாவது நடுநீளம், என்றும் ஒரு சொல் இருக்கிறது. தமிழுக்கு எக்ஸ் எழுத்தால் ஆவதென்ன? 'பகர உயரம்' என்றோ ஜேர்மனியர் போல் 'நடுவுயரம்' என்றோ வைத்துக்கொண்டால் தமிழ் எழுத்தை அளக்கத் தமிழிலேயே கோல் கிடைத்துவிடும்.

இனி, பெயர்கள் ஊர்விட்டு ஊர் போய் ஆளே மாறிப்போன கதைக்கு வருவோம். எழுத்தின் நுனிகளில் சிறு கோடாகத் துருத்தி நிற்பது செரிஃப். டச்சு மொழியில் கோட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து இது வந்திருக்கலாம் என்பர். பிரெஞ்சுக்காரர் அதனை விலங்கின் பாதத்தோடு ஒப்பிட்டு 'அம்பத்மான்' என்பர். இந்தப் பாதமில்லாத எழுத்து வகையின் பெயரில்தான் குழப்பமெல்லாம். இலண்டனில் நான்காம் வில்லியம் கஸ்லொன் 1816ஆம் ஆண்டளவில் தமது மாதிரிப் புத்தகத்தில் அப்படியோர் எழுத்தைக் காட்டினார். அச்சு ஈயத்தில் வார்க்கப்பட்ட முதலாவது பாதமில்லா எழுத்து அதுவே என்பர். அவர் அதற்கு இட்ட பெயர் 'எகிப்தியன்'. எகிப்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அக்காலத்தில் எகிப்தின் பழம்பொருள்மீது ஐரோப்பா கொண்டிருந்த மோகமே காரணம். சில காலத்தில் அதே பெயர், தடித்த சதுரப் பாதமுள்ள நேரெதிர் வகைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பாதமில்லாததற்கு 1830களில் இங்கிலாந்து வார்ப்பகங்கள் 'சான்ஸ் செரிஃப்' என்றும் 'குரொட்டெஸ்க்' என்றும் பெயரிட்டன. குரொட்டெஸ்க் என்றால் விகாரம். அக்காலத்துக் கண்ணுக்கு அது விகாரமாகவே பட்டிருக்கும். ஜேர்மனியர் அந்த வசவையே பெயராக ஏற்று, இன்றும் பாதமில்லா எழுத்தைக் 'குரொட்டெஸ்க்' என்று கூச்சமின்றி வழங்குகின்றனர்.

அமெரிக்கர் இதே எழுத்துக்குக் 'கொதிக்' என்று பெயர் சூட்டினர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த 'ஃபிராங்க்ளின் கொதிக்' இன்றும் பத்திரிகைத் தலைப்புகளில் நிற்கிறது. ஜப்பானியரும் 'கொஷிக்கு' என்றே இதனைச் சொல்கிறார்கள். ஆனால் ஜேர்மனியிலோ பிரான்சிலோ கொதிக் என்று கேட்டால், குட்டன்பேர்க் காலத்துக் கறுத்த, கோணல் முனைகளுள்ள பழைய எழுத்தைத்தான் எடுத்துத் தருவார்கள். தோக்கியோவிலிருந்து கொதிக் கேட்டு எழுதியவருக்கு பெர்லினிலிருந்து மத்தியகாலத் தேவாலயச் சுவடியின் எழுத்து வந்து சேர்ந்தால் யாரைக் குறை சொல்வது?

எழுத்தின் பெயர் அரசியலாகவும் மாறியதுண்டு. ஜேர்மனியின் நாசி அரசு அந்தக் கறுத்த எழுத்தையே தேசிய எழுத்தென்று முதலில் போற்றியது. பின்னர் 1941 ஜனவரியில் ஒரு சுற்றறிக்கை மூலம் அதனை 'யூத எழுத்து' என்று பெயர்சூட்டி விலக்கியது. வரலாற்றுக்கு முற்றிலும் மாறான பெயர் அது. ஓர் எழுத்தை ஒழிப்பதற்கும் முதலில் அதற்கு ஒரு பொய்ப்பெயர் தேவைப்பட்டிருக்கிறது.

தடித்த எழுத்தின் பெயர்கள் இதைவிட மகிழ்ச்சியான சங்கதி. ஆங்கிலேயருக்கு அது 'போல்ட்', துணிச்சலானது. பிரெஞ்சுக்காரருக்கும் ஜேர்மனியருக்கும் அது கொழுத்தது. ஜேர்மனியில் 'அரைக்கொழுப்பு' எழுத்தும் உண்டு. ஸ்பானியருக்கு அது 'நெக்ரீத்தா', சின்னக் கறுப்பி. நமக்கோ கொட்டை எழுத்து. "கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது, கண் தெரியவில்லையோ?" என்று வீட்டிலே பேசுகிறோம். அழகான சொல். ஆனால் ஒரு நுணுக்கம்: போல்ட் என்பது அதே அளவில் தடிப்பு மாத்திரம் கூடியது, கொட்டை எழுத்து தடிப்போடு பருமனும் கூடியது. ஆகவே போல்ட்டுக்குத் 'தடித்த எழுத்து' என்றும், தலைப்புக்குரிய பெருந்தடிப்புக்குக் 'கொட்டை எழுத்து' என்றும் பிரித்து வழங்கினால் தமிழுக்கு ஆங்கிலத்தைவிட ஒரு சொல் கூடுதலாகவே கிடைக்கும்.

இத்தாலிக் என்பதைச் 'சாய்வெழுத்து' என்கிறோம். வெனிஸ் நகரில் அல்டுஸ் மனூத்தியுஸ் 1501இல் அவ்வெழுத்தால் நூல்களை அச்சிட்டார். அச்சு வெட்டியவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. அது அன்றைய கையெழுத்தைப் பின்பற்றிய தனி வடிவம்; சாய்வு அதன் ஒரு குணம் மட்டுமே. இத்தாலியரே அதனை இத்தாலியன் என்று சொல்வதில்லை; ஓடும் எழுத்து என்ற பொருளில் 'கொர்சீவோ' என்பர். தமிழில் கணனி செய்வது நிமிர்ந்த எழுத்தைப் பிடித்துச் சரித்துவிடுவதுதான். அந்தச் சரிந்த உருவத்துக்குச் சாய்வெழுத்து என்ற பெயர் மிகச் சரி. அல்டுஸின் எழுத்துக்கு அது போதாது.

அச்சாளர்கள் குறும்புக்காரர்கள். பிழைகளுக்கு அவர்கள் இட்ட பெயர்களில் அந்தக் குறும்பு நன்றாகத் தெரியும். ஜேர்மன் பட்டறையில் ஒரு சொல் இருமுறை கோக்கப்பட்டுவிட்டால் அது 'கல்யாணம்'. ஒரு சொல் விடுபட்டால் 'பிணம்'. வேறு எழுத்து வகையிலிருந்து தவறி வந்து கலந்த ஓர் எழுத்து 'வெங்காய மீன்'. பிரெஞ்சில் எழுத்துப்பிழை 'சிப்பி'. சிந்திக் கலைந்துபோன எழுத்துக்குவியலுக்கு ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இறைச்சிப் பண்டத்தின் பெயர். பசியோடு வேலைசெய்த மனிதர்கள் போலும்!

ஆனால் ஒரு பெயரிடத்தில் நான் நின்றுவிடுகிறேன். ஒரு பந்தியின் கடைசி வரி அடுத்த பக்கத்தின் தலையில் தனியே போய் நின்றால், ஆங்கிலத்தில் அதற்கு 'விதவை' என்று பெயர். பந்தியின் முதல் வரி பக்கத்தின் அடியில் தனித்து விடப்பட்டால் 'அநாதை'. ஜேர்மனியர் முன்னதை விலைமாதின் பிள்ளை என்றும் பின்னதைச் செருப்புத் தைப்பவனின் பையன் என்றும் சொல்வர். எங்கிருந்து வந்தோமென்று அறியாதது ஒன்று, எங்கே போகிறோமென்று அறியாதது மற்றது என்று பயிலுநர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்களாம். இவற்றைத் தமிழாக்குவோர் 'விதவை வரி', 'அநாதை வரி' என்று எழுதிவிட எத்தனை நேரம் செல்லும்? 1983 முதல் 2009 வரை நீடித்த போர் எத்தனையோ பெண்களைத் துணையிழக்கச் செய்த நாடு இது. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கும் குறைவில்லை. அவர்களுள் ஒருத்தியோ அவள் மகனோ நாளை ஓர் அச்சகத்தில் பக்க அமைப்பாளராக வேலைக்கு வரலாம். "அந்த விதவையை வெட்டு, பக்கம் அசிங்கமாக இருக்கிறது" என்று மேலாளர் சொல்லும் வாசகத்தை நாம் எதற்காக உண்டாக்கிக் கொடுக்க வேண்டும்? 'தலைத்தனி வரி', 'அடித்தனி வரி' என்றால் விஷயம் விளங்கிவிடுகிறது. எங்கே நிற்கும் வரி என்பதையும் அந்தச் சொல்லே காட்டுகிறது. ஆங்கில மாணவர்கள் இவ்விரண்டில் எது எது என்று அடிக்கடி தடுமாறுவார்கள். தமிழ் மாணவருக்கு அந்தத் தொல்லையும் இல்லை.

பிழை பார்ப்பதற்கென எடுக்கும் படியை ஆங்கிலத்தில் 'புரூஃப்' என்பர். தமிழகத்தில் இதற்கு 'மெய்ப்பு' என்றொரு சொல் வழங்குகிறது. நிரூபணம் என்ற பொருளைப் பிடித்து ஆக்கிய சொல் என்று தோன்றுகிறது. ஆனால் இவ்விடத்தில் புரூஃப் என்பதன் கருத்து பரீட்சித்துப் பார்த்தல். பிரெஞ்சில் 'எப்ரேவ்' என்பதும் சோதனைதான். ஜேர்மனியர் நீண்டு தொங்கும் அந்தத் தாளைக் 'கொடி' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். நம்மவர் 'ஒப்புநோக்குதல்' என்றனர். மூலப்படியோடு அச்சுப்படியை ஒப்பவைத்து நோக்கும் செயலை அப்படியே சொல்லும் பெயர். 'சரவை பார்த்தல்' என்ற வழக்கும் உண்டு. பிழைமலிந்த முதற்படிக்குச் சரவை என்று பெயர். இவ்விரண்டும் பட்டறைக்குள் நின்று பார்த்த கண்ணால் பிறந்த சொற்கள். ஈய எழுத்தோடு பழகிய முதியவர்கள் நம்மிடையே அருகிவரும் இந்நாளில், இத்தகைய சொற்களை ஒலிப்பதிவு செய்தாவது எடுத்துவைக்க வேண்டியது அவசரமான பணி. அச்சுக்கூடங்கள் ஈயத்தை விற்றுத் தீர்த்துவிட்டன. சொற்களுக்கு எடைபோட்டு விலை கொடுப்பார் இல்லாதபடியால் அவை எங்கே போயின என்றுகூடத் தெரிவதில்லை.

கற்க விரும்பும் மாணவருக்கு ஒரு வழி சொல்லலாம். கொப்பியில் சொல்லுக்கு எதிரே சொல்லை எழுதாமல் நடுவே படம் வரையுங்கள். இரண்டு வரிகளை வரைந்து, லெடிங் எங்கிருந்து எங்கே, டூர்ஷுஸ் எங்கிருந்து எங்கே என்று அம்புக்குறி இடுங்கள். படத்தைச் சுற்றி ஒவ்வொரு மொழியின் பெயரையும் எழுதி, அந்தப் பெயர் பிறந்தபோது தொழிலாளியின் கை என்ன செய்துகொண்டிருந்தது என்று ஒரு வரி சேருங்கள். இரண்டு எழுத்துகளை இயல்பைவிட நெருக்கி அமைப்பதை ஜேர்மனியர் 'உன்டர்ஷ்னைடுங்' என்பர். கீழே வெட்டுதல் என்பது அதன் பொருள். உலோகத்தின் ஓரத்தைக் கத்தியால் சீவினால்தான் அடுத்த எழுத்து கிட்ட வரும் என்பதை அறிந்தவருக்கு அச்சொல் மறக்காது.

இந்த வழியில் தேடினால் நமது நாட்டிலேயே ஓர் இனிய ஒற்றுமை கண்ணிற்படும். எழுத்துகளை வரிசையாக அமைப்பதை ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் 'ஒன்றுசேர்த்தல்' என்றனர். ஜேர்மனியர் 'வைத்தல்' என்றனர். தமிழர் 'அச்சுக் கோத்தல்' என்றனர்: பூவைக் கோப்பதும் மணியைக் கோப்பதும் எந்தச் சொல்லோ அதே சொல். சிங்களத்தில் இத்தொழிலாளியை 'அக்குரு அமுணன்னா' என்பர். அக்குரு என்றால் எழுத்து. அமுணுதல் என்றாலும் நூலிலே பூவையும் மணியையும் கோத்தல்தான். யார் யாரிடமிருந்து எடுத்தார்களோ, இருவரும் தனித்தனியே கண்டார்களோ, ஒரே கூரையின்கீழ் இரு மொழி எழுத்துப் பெட்டிகளும் இருந்த அச்சகங்களில் இந்த இரண்டு சொற்களும் அருகருகே புழங்கியிருக்கின்றன. பின்னர் கந்தோர்களில் துளையிட்டு நூலிலே கோத்துவைத்த கடதாசிக் கட்டும் தமிழில் 'கோப்பு' ஆயிற்று. நூலும் துளையும் இல்லாத கணனிக்குள்ளும் இன்று நாம் திறப்பதும் மூடுவதும் கோப்புத்தான்.